ஊடக மையத்தில் கேமராவும் எடிட் அறையும் கிடைக்க: பாலக்காட்டு எல்லைப் பக்கத்து மாணவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லை ஊர்களில் தமிழ் வழியில் பள்ளி முடித்து, இதழியலோ காட்சித் தொடர்பியலோ படிக்கப் போகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் எம்.ஏ. படித்தது கேரளப் பக்கத்தில். இறுதியாண்டில் ஆளுக்கொரு ஆவணப்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். சித்தூர் தோப்புகளில் கள் இறக்குகிறவர்களைப் பற்றி எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். பல்கலைக்கழகத்தின் ஊடக மையத்தில் கேமரா, மைக், விளக்கு, ஒலிப்பதிவு அறை, எடிட் அறை எல்லாமே இருந்தன.

விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து கேமரா என் கைக்கு வர 23 நாள் ஆனது. கேமரா இருப்பில் இல்லை என்று அதில் ஒரு நாள்கூட வீணாகவில்லை. கையெழுத்து, முத்திரைத்தாள், பயிற்சிச் சான்று, ரசீது என்று தாள்களுக்காகத்தான் பெரும்பாலான நாள் போயின. மே மாதம் எடுக்க நினைத்த படத்தை ஜூன் மாதம் எடுத்தேன். அதற்குள் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று கிளம்பிவிட்டது. முதல் இரண்டு நாள் பதிவு செய்த பேட்டிகளில் மனிதக் குரலைவிடக் காற்றின் குரலே அதிகம். இந்த வழியை முன்பே ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பேட்டிகள் எனக்குக் கிடைத்திருக்கும்.

கீழே வரும் தொகைகளும் நாள் கணக்கும் எங்கள் மையத்தில் நடந்தவை. உங்கள் மையத்தில் கூடவோ குறையவோ இருக்கலாம். வரிசை பெரும்பாலும் இதுதான்.

1. எந்தக் கதவைத் தட்டுவது?

ஒரே வளாகத்தில் மூன்று விதமான இடங்கள் இருக்கலாம். பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால் புதிதாக வருபவர்கள் குழம்பிப் போவார்கள்.

முதலாவது, உங்கள் துறையின் ஸ்டுடியோ. மாணவர்களுக்கு வெளியே எடுத்துப் போகக் கேமரா தருவது பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வித் தொடர்புக் கூட்டமைப்பின் கீழ் இயங்கும் கல்விப் பல்லூடக ஆய்வு மையம். கோழிக்கோடு, மதுரை காமராசர், அண்ணா பல்கலைக்கழகங்களில் இப்படிப்பட்ட மையங்கள் உள்ளன. பாட நிகழ்ச்சிகள் தயாரிப்பது அவர்களுடைய வேலை. பெரிய கேமராவைப் பார்த்துவிட்டு நேராக அங்கே போய்க் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே பயிற்சி மாணவராகச் சேரத் துறைத்தலைவரின் கடிதத்தோடு போகலாம், அது வேறு வழி. மூன்றாவது, சமுதாய வானொலி. சென்னையில் 2004 முதல் 90.4 அலைவரிசையில் ஒலிபரப்பாகும் அண்ணா எஃப்.எம். மாதிரி உங்கள் வளாகத்திலும் ஒன்று இருந்தால், குரல் பதிவு செய்ய அதைவிட நல்ல அறை கிடைக்காது. படத்தின் பின்னணிக் குரலை அங்கே பதிவு செய்ய முடியுமா என்று முதல் வாரமே கேட்டு வைத்துவிடுங்கள்.

நான் முதல் நான்கு நாளைத் தவறான அலுவலகத்தில் கழித்தேன். துறை அலுவலகத்தில் இருக்கும் அக்காவிடம் "ஸ்டோர் பொறுப்பு யாருடையது?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மையத்தின் இயக்குநரைப் பார்க்கப் போவதற்கு முன் ஸ்டோர்காரரைப் பாருங்கள். கேரளப் பக்கத்தில் ஆண்களைச் சேட்டன் என்றும் பெண்களைச் சேச்சி என்றும் கூப்பிட்டால் போதும். ஆசிரியர்களுக்கு மட்டும் சார், டீச்சர்.

2. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

படம் ஒப்படைக்கும் நாளை எழுதிவையுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எடிட்டிங்குக்கு 3 வாரம், படப்பிடிப்புக்கு 1 வாரம், தாள் வேலைக்கு 4 வாரம் என்று ஒதுக்குங்கள். கதை முழுதாகத் தயாராகட்டும், அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பக்கக் கதைச் சுருக்கம் போதும், விண்ணப்பம் உள்ளே போய்விடும்.

நாட்காட்டியில் இவற்றைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ஓணத்தை ஒட்டிப் பத்து நாள் போலக் கல்லூரிகள் மூடியிருக்கும், அதற்கு முந்தைய வாரம் கையெழுத்துக்கு யாரும் அகப்பட மாட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையும் அப்படித்தான். நவம்பரில் கல்பாத்தி தேர் வருகிறது. பாலக்காட்டு மாணவர்களில் பாதிப் பேர் அதைப் படம் பிடிக்கக் கேமரா கேட்பார்கள். அந்த வாரத்தில் உங்களுக்கு வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே பதிவு செய்யுங்கள். பொங்கலுக்குப் பாலக்காடு உட்பட ஆறு மாவட்டங்களில்தான் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. உங்கள் பல்கலைக்கழகம் திருச்சூரிலோ மலப்புறத்திலோ இருந்தால் அன்று மையம் திறந்திருக்கும். நாம் ஊருக்குப் போய்விடுவோம் என்பதால் அந்த நாளைக் கேட்டு யாரும் நிற்க மாட்டார்கள், கேமரா சும்மா இருக்கும். ஊரில் பொங்கலைப் படம் பிடிக்க விரும்புகிறவர்கள் முந்தின நாளே எடுத்து வந்துவிடலாம்.

இன்னொன்று, வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எடுத்தால் திங்கள் காலை கொடுத்தால் போதும். ஒரு நாள் கணக்கில் இரண்டரை நாள் கையில் இருக்கும். எங்கள் மையத்தில் இது எழுதாத வழக்கம். எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் வெள்ளிக்கிழமைக்குத்தான் போட்டி அதிகம்.

3. தாள்கள்

இதில்தான் எனக்கு 23 நாளில் 14 நாள் போனது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் மையத்தில் கேட்டவை: துறைத்தலைவர் கையெழுத்திட்ட விண்ணப்பம், வழிகாட்டி ஆசிரியரின் பரிந்துரை, கதைச் சுருக்கம், படப்பிடிப்பு நடக்கும் இடங்களும் தேதிகளும், மாணவர் அடையாள அட்டை நகல், பெற்றோரின் ஆதார் நகல், முத்திரைத்தாளில் பெற்றோரின் ஜாமீன் ஒப்பந்தம், பயிற்சிச் சான்று, பணம் கட்டிய ரசீது. எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்று கையெழுத்தும் தேதியும் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் விண்ணப்பம் எங்கோ மேசைகளுக்கு இடையில் காணாமல் போனது. கையெழுத்து வாங்கிய நகல் இல்லாததால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

முத்திரைத்தாளில் நம் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போன அப்பா, வரும்போது அங்கேயே முத்திரைத்தாள் வாங்கி, தட்டச்சும் செய்து, கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்தார். அவருக்கு அரைநாள் வேலை கெட்டது. மையத்தில் அதை எடுக்கவே இல்லை. முத்திரைத் தீர்வை அந்தந்த மாநிலத்துக்கு உரியது. கேரள நிறுவனத்தோடு இங்கே செய்கிற ஒப்பந்தத்துக்குக் கேரள முத்திரைத்தாள்தான் வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் படிக்கிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ்: சித்தூரில் வாங்கியது அங்கே செல்லாது. ஐந்து கிலோமீட்டரில் எல்லை இருக்கிற நமக்கு எது அருகிலோ அங்கே போய் வாங்கத்தான் தோன்றும். வாங்குவதற்கு முன் எத்தனை ரூபாய்த் தாள், யார் பெயரில் என்று மையத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு 200 ரூபாய்த் தாள் கேட்டார்கள், மாணவர் பெயரில். அப்பா வாங்கியதில் பெயரும் தவறு.

அடுத்தது மொழி. விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தாலும் அறிவிப்புப் பலகையும் ரசீதும் மலையாளத்தில் இருக்கும். பேச்சு மலையாளம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. அலுவலக மலையாளத்தில்தான் தடுமாறுவோம். 'ஃபீஸ் ஒடுக்குக' என்றால் கட்டணம் செலுத்தவும் என்று பொருள். 'கைப்பற்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் பயப்படாதீர்கள், பெற்றுக்கொண்டேன் என்றுதான் அதற்குப் பொருள். 'ஹாஜராக்குக' என்றால் தாளை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். 'சாக்ஷ்யபத்ரம்' என்பது சான்றிதழ். 'ரக்ஷிதாவு' பெற்றோர் அல்லது காப்பாளர். 'ஜாம்யக்காரன்' ஜாமீன் கொடுப்பவர். நான் 'சாக்ஷ்யபத்ரம்' என்பதைச் சாட்சி கையெழுத்து என்று புரிந்துகொண்டு, பக்கத்து வீட்டு மாமாவை அழைத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். இன்றும் எனக்கு அது மனசில் உறுத்துகிறது. புரியவில்லை என்றால் கவுண்டரில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் வேறு ஒருவருடைய நாளும் சேர்ந்து வீணாகும்.

ஆவணங்களில் பெயர் எழுத்து ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். நம்மில் பலருக்குத் தமிழ் வழிப் பள்ளிச் சான்றில் அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும். பல்கலைக்கழக அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒப்பந்தத்திலும் எழுதுங்கள்.

4. பணம்

திரும்ப வரும் வைப்புத்தொகை 2,000 ரூபாய். கேமரா வாடகை மாணவர்களுக்கு இல்லை. லென்ஸ், விளக்கு, மைக் ஆகியவற்றுக்கும் இல்லை. ஒரு நாள் தாமதமானால் 100 ரூபாய் அபராதம். பேட்டரி, மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் மூன்றில் பேட்டரி மட்டும் மையம் தரும். கார்டும் டிஸ்க்கும் நாம்தான் வாங்க வேண்டும்.

என் செலவு இப்படிப் போனது: முத்திரைத்தாள் இரண்டு முறை, நகல்கள், பேருந்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். இரண்டு மெமரி கார்டு 1,900. ஹார்ட் டிஸ்க் 4,300. தோப்பில் உதவிக்கு வந்த இரண்டு நண்பர்களுக்குச் சாப்பாடும் பெட்ரோலும் 2,200. ஆக 9,800 ரூபாய், வைப்புத்தொகை தனி. வீட்டில் முன்கூட்டியே இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். கேமரா இலவசம் என்று சொல்லிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பது வீட்டுக்குக் கஷ்டம்.

ஹார்ட் டிஸ்க்கைச் சக மாணவரோடு பங்கு போட்டு வாங்கலாம், மெமரி கார்டை மட்டும் பங்கு போடாதீர்கள். மற்றவர் கார்டை ஃபார்மட் செய்யும்போது உங்கள் படமும் போய்விடும்.

5. பயிற்சிச் சான்று

கேமரா வாங்கும் முன் மையம் நடத்தும் அரைநாள் வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்து வாங்க வேண்டும். மாதம் இரண்டு முறைதான் வகுப்பு. அதைத் தவறவிட்டால் 15 நாள் போய்விடும், எனவே விண்ணப்பம் கொடுக்கும் அன்றே பெயர் கொடுங்கள்.

6. சாமான் எடுக்கும் நாள்

ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். அவசரமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், உங்களுக்கு முன்னால் யாரோ உடைத்ததற்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள். எனக்குத் தெரிந்து அப்படிக் கட்டியவர்கள் உண்டு.

சாமான் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேராகச் சீரியல் நம்பர் எழுதுங்கள். எங்கள் ஸ்டோர்ச் சேட்டன் முதல் நாளே என்னிடம் சொன்னார்: "மோளே, சீரியல் நம்பர் எழுதாத்த லிஸ்டில் ஞான் ஒப்பிடில்லா." நம்பர் எழுதாத பட்டியலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பொருள். அன்று எனக்கு அது கெடுபிடியாகத் தெரிந்தது. பிறகு வாளையாறு வழியில் ஒரு சோதனையின்போது அந்தப் பட்டியல்தான் என்னைக் காப்பாற்றியது. அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அங்கேயே, அவர் கண்முன்னால், இவற்றைப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மழைக்காலம் நீளமான ஊர் என்பதால் கண்ணாடிக்குள் பூஞ்சை வேர்விட்டிருக்கும், மெல்லிய சிலந்தி வலை போலத் தெரியும். முக்காலியின் மூன்று காலையும் நீட்டிப் பூட்டு நிற்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். கேமராவை முக்காலியில் மாட்டும் சின்னத் தட்டு பையில் இருக்கிறதா? அது ஒன்று இல்லாவிட்டால் முக்காலி வெறும் கம்பு. பேட்டரியைப் போட்டு ஐந்து நிமிடம் பதிவு செய்து சதவீதம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மைக் கேபிளை இரண்டு முனையிலும் ஆட்டி, ஹெட்ஃபோனில் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். கீறல், உடைசல் எது இருந்தாலும் செல்போனில் படமெடுத்து, பட்டியலிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

நான் கேட்காமல் விட்டு வருந்தியது ஒன்று: மைக்குக்கு மாட்டும் ரோம உறை. டெட்கேட் என்பார்கள். ஸ்டோரில் அலமாரியின் அடித்தட்டில் மூன்று கிடந்தன. விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்று வரி இல்லை, நானும் கேட்கவில்லை. பாலக்காட்டுப் பக்கம் படம் எடுக்கிறவர்கள் கேமராவை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

7. வழியிலும் இடத்திலும் கேட்கப்படும் அனுமதிகள்

சாமானோடு எல்லை தாண்டுவதானால் மூன்று தாள் கையில் இருக்கட்டும்: சாமானை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதிக்கும் கேட் பாஸ், சீரியல் நம்பர் போட்ட பட்டியல், 'இது மாணவர் படப்பிடிப்புக்காக, விற்பனைக்கு அல்ல' என்று பல்கலைக்கழகக் கடிதத்தாளில் ஒரு வரி. பெரிய கேமராப் பெட்டியோடு இரவுப் பேருந்தில் வந்தால் காவல்துறையினர் திறந்து காட்டச் சொல்வது இயல்பு. தாளைக் காட்டினால் இரண்டு நிமிட வேலைதான். கடிதம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் போதாது. தமிழ்நாட்டுப் பக்கம் எடுக்கிறவர்கள் தமிழிலும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையத்தில் முன் அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். அனுமதிக்கு ரயில்வேயில் விண்ணப்பிக்க வேண்டும், நாள் பிடிக்கும். ஒரு நிமிடக் காட்சிக்காக அந்த வழியில் போவதைவிட, ரயில் கடக்கும் காட்சியை வெளியே சாலையிலிருந்து எடுத்துவிடலாம். வாளையாறு, மலம்புழா, பறம்பிக்குளம் பக்கத்துக் காடுகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களுக்குள் கேமராவோடு போவதற்குப் பழங்குடியினர் மேம்பாட்டுத் துறையில் எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் பேச்சுக்கு அவர்கள் பேச்சு நெருக்கமாக இருக்கிறது என்பதால் சொந்த ஊர்போல உள்ளே போய்விடத் தோன்றும். அப்படிப் போகாதீர்கள். கோயில்களில் உள்ளே கேமரா கூடாது என்பது பெரும்பாலும் பொதுவான விதி. நிர்வாகத்தைக் கேட்டு வெளிப்பிராகாரம் வரைக்கும் அனுமதி வாங்கலாம்.

ட்ரோன் வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும். 250 கிராம் வரை எடையுள்ளவை நானோ வகை, அவற்றுக்கு ஓட்டுநர் சான்று தேவையில்லை. ஆனாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும். மையத்தின் ஜாமீன் ஒப்பந்தத்தில் ட்ரோன் என்ற சொல் வருகிறதா என்றும் பாருங்கள். எங்களுடையதில் 'கூடாது' என்றே இருந்தது.

பேசுகிறவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், தமிழில். என் படத்தில் பேசிய ஐயா ஒருவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். தாளை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர் "சரி கண்ணு, எடுத்துக்கோ" என்று சொன்னதையும் கேமராவிலேயே பதிவு செய்தேன். மதிப்பீட்டுக்கு வந்த வெளித்தேர்வாளர் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான். சிறுவர்கள் வந்தால் பெற்றோர் கையெழுத்து. கள்ளுக்கடைக்குள் எடுப்பதானால் உரிமதாரரின் கையெழுத்து, அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தெரியாத கோணம்.

8. படப்பிடிப்பில்

கேமராவை எடுத்ததும் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கு வெளிச்சத்தில் பட்டை ஓடாது. கூடவே செல்போனிலும் எடுப்பீர்கள். அது 30 ஃபிரேமில், அதுவும் ஏறி இறங்குகிற வேகத்தில் பதிவு செய்யும். எடிட்டிங்கில் போட்டால் பேச்சும் உதடும் போகப் போக விலகும். செல்போன் பதிவுகளை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிய பிறகே டைம்லைனில் வையுங்கள்.

கார்டு கணக்கு இப்படி: வினாடிக்கு 50 மெகாபிட் அளவில் ஒரு மணி நேரப் பதிவு 22.5 ஜிபி. 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். 4கே-யில் 100 மெகாபிட் என்றால் அதில் பாதி. கார்டின் மேல் வி30 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வினாடிக்கு 30 மெகாபைட் குறையாமல் எழுதும் என்பதற்கான உறுதி அது.

இப்போது ஒலி. கள் இறக்குகிறவர் விடியும் முன்பே மரம் ஏறிவிடுவார். அந்த நேரத்தில் காற்று குறைவு. ஒன்பது மணிக்கு மேல் தோப்பு முழுக்க ஓலைச் சத்தம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கணவாய்க் காற்று நம் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் காதுக்குப் பழகிப்போன சத்தம் மைக்குக்குப் பழகாது. பேட்டியை வீட்டுச் சுவரின் மறைவில், காற்று வரும் மேற்குத் திசைக்கு முதுகு காட்டி உட்காரவைத்து எடுங்கள். காலர் மைக்கைச் சட்டைக்கு உள்பக்கம் ஒட்டலாம், சட்டை உரசுகிறதா என்று ஹெட்ஃபோனில் கேளுங்கள். ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பேசும் குரல் மைனஸ் 12 டெசிபல் சுற்றி நிற்கட்டும், பூஜ்யத்தைத் தொட்டால் உடைந்துவிடும். உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் சேர்க்க முடியாது. நீளக் குழாய் போல இருக்கும் ஷாட்கன் மைக் பெரும்பாலும் ரெக்கார்டரிலிருந்து கேபிள் வழியே வரும் 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் கேட்கும். ரெக்கார்டரில் அந்தப் பொத்தானைப் போடாமல், மைக் கெட்டுவிட்டது என்று மையத்துக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அதைப் போட்டால் ரெக்கார்டர் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரி செல் எடுத்துப் போங்கள்.

ஹெட்ஃபோன் போடாமல் ஒரு வாக்கியம்கூடப் பதிவு செய்யாதீர்கள். எனக்கு இரண்டு நாள் பேட்டி போனது காற்றால் மட்டுமில்லை, கேட்டுப் பார்க்காததால்.

குளிர்சாதன அறையில் இருந்த கேமராவை வெளியே கொண்டுவந்ததும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் மூடியே வையுங்கள், லென்ஸில் ஆவி படியாது. மரத்தின் மேலே கேமராவை அனுப்பக் கூடாது. கள் இறக்குகிறவர் ஒரு கையால் ஏறுகிறவர் இல்லை, இரண்டு கையும் அவருக்கு வேண்டும்.

9. எடிட் அறை

அன்றைய பதிவை அன்றே இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். மையத்தின் கணினியை ஒரு நகலாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், செமஸ்டர் முடிவில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள்.

எடிட் அறை நான்கு மணி நேரத் துண்டுகளாகக் கிடைக்கும். கடைசி இரண்டு வாரம் இடமே கிடைக்காது. வீட்டிலிருக்கும் கணினியில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் முதல் வெட்டை முடித்துவிட்டு, கலர் கரெக்‌ஷனுக்கும் ஒலிக் கலவைக்கும் மட்டும் மையத்துக்குப் போங்கள்.

தமிழ் எழுத்துகளுக்கு ஒரு மாலைப்பொழுதைத் தனியாக ஒதுக்குங்கள். கேரளக் கணினிகளில் மஞ்சரி, ரசனா போன்ற மலையாள எழுத்துருக்கள் இருக்கும், தமிழுக்கு நல்லதாக எதுவும் இருக்காது. பென் டிரைவில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொண்டுபோங்கள், இலவசம்தான். எழுத்துரு இருந்தும் 'கொ' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு 'க'-வுக்குப் பின்னால் போய் நிற்கிறதா? பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிராஃபிக்ஸ் அமைப்புகளுக்குள் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய வகைக்கு மாற்றிவிட்டுத் திறந்தால் சரியாகும். இது தெரியாமல் என் வகுப்பில் ஒருவர் தலைப்பு முழுவதையும் படமாக வரைந்து ஒட்டினார். சப்டைட்டில் கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியாக வரும். அதுவும் திரையிடும் அன்றுதான் தெரியவரும்.

பின்னணி இசைக்குத் திரைப்பாடலைப் போடாதீர்கள். வகுப்புக்குள் காட்டும்போது யாரும் கேட்க மாட்டார்கள், திரைப்பட விழாவுக்கு அனுப்பும்போது உரிமைக் கடிதம் கேட்பார்கள். படத்தில் வேலை செய்தபடி ஒருவர் பாடியிருந்தால் அதற்கும் சம்மதத் தாளில் ஒரு வரி சேருங்கள்.

ஒப்படைக்கும் பென் டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. 15 நிமிடப் படம் 50 மெகாபிட்டில் 5.6 ஜிபி. முந்தின நாளே எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாற்றி, வேறு ஒரு கணினியில் போட்டு முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள்.

10. திருப்பிக் கொடுப்பது

கொடுக்கும் நாளில் மையம் மூடும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போங்கள். ஐந்து மணிக்கு மூடுகிற இடத்தில் 4:45-க்குப் போனால் சரிபார்க்க நேரமில்லை என்று மறுநாள் வரச் சொல்வார்கள், அபராதம் உங்கள் கணக்கில் ஏறும். தோப்பு மணலைத் தூரிகையால் தட்டிவிட்டு, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, கேபிளை முறுக்காமல் சுற்றிக் கொடுங்கள். கார்டை உள்ளேயே விட்டுவிடாதீர்கள். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் நேராக ஸ்டோர்காரர் டிக் போட்டபின், அந்தத் தாளையும் செல்போனில் படமெடுங்கள்.

அப்புறம், பாக்கி எதுவும் இல்லை என்று தரும் 'நோ டியூஸ்' சான்றிதழ். ஊடக மையத்தின் கையெழுத்து இல்லாமல் தேர்வு நுழைவுச் சீட்டோ மாற்றுச் சான்றிதழோ தர மாட்டார்கள். சாமான் கொடுத்த அன்றே கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பதிவேட்டைத் தேட ஆள் இருக்காது. வைப்புத்தொகையைத் திரும்பப் பெற, பணம் கட்டிய அசல் ரசீதும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் வேண்டும். எனக்கு ஆறு வாரம் ஆனது. ரசீது வெப்பத்தால் எழுத்து விழும் தாளில் அச்சானது என்பதால் சில மாதங்களிலேயே எழுத்து மங்கிவிடலாம், கையில் வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்து அசலோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள்.